அவளுடைய காடு எரிந்த அன்று

நரியைப் பார்த்ததாக என் மனைவி சொன்ன அன்று சாயங்காலம், அவள் முகத்துக்கு நேராக, "பீலா வுடாதமே" என்றேன். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பொய் சொல்லவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் எண்ணூர்ப் பக்கம் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறோம். நான் தீயணைப்புப் பிரிவு, அவள் தோட்டப் பிரிவு. வீடு கொருக்குப்பேட்டையில், ரயில் போனால் பாத்திரம் ஆடும் ஒரு சந்தில். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒரே வண்டியில் வேலைக்குப் போவோம், ஒரே வண்டியில் திரும்புவோம்.

கம்பெனி மதிலுக்குக் கிழக்கே, டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மண் ரோடு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் கழிமுகம் வரைக்கும் ஆளில்லாத நிலம். சீமைக்கருவேலம்தான் அதிகம். நடுவே சூரைப் புதர், காரைப் புதர், இடுப்பளவு உயர்ந்த கோரை. கிழக்குக் கோடியில் ஒரு மண் கரை, கரைக்கு அப்பால் உப்புச் சேறும் தண்ணீரும். கம்பெனியில் எல்லோரும் அதைக் 'காலி எடம்' என்பார்கள். ஆனால் அது காலியாக இருந்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் என் தோஸ்துகள் மூன்று பேரும் அங்கேதான் வேட்டைக்குப் போவோம்.

சட்டப்படி அது குற்றம். தெரிந்தேதான் செய்தோம். காடைக்குக் கண்ணி வைப்போம், முயலுக்கு வலை கட்டுவோம். சாதாரண நாளில் ஒரு முயல் கிடைப்பதே பெரிய பாடு. ஆனால் கோடைக்காலத்தில் யாராவது குப்பையைக் கொளுத்தி, அது கோரையில் பிடித்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். காலை வேளையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ரோட்டோரம் பிடித்த தீ கழிமுகத்தைப் பார்த்து ஓடும். அதற்கு முன்னால் முயல்கள் ஓடும். ஓடிப் போக வேறு இடம் கிடையாது. நாங்கள் கரையில் வலையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், அவையே வந்து விழும்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவளிடம் வீரப் பிரதாபமாகச் சொல்வேன். அவள் முயலுக்காக உச்சுக் கொட்டினாலும் ஆசையாகக் கேட்பாள். முயல் வளை தோண்டாது, புல்லை உடம்பால் அமுக்கிப் படுக்கை செய்துகொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தது நான். அதன் குட்டிக்கு ஆபத்து வந்தால் ஓடத் தெரியாது, அப்படியே அசையாமல் கிடக்கும் என்று சொன்னதும் நான்தான். அந்த நாட்களில் அவளுடைய கண் என் முகத்தை விட்டு நகராது.

மகள் பிறந்த பிறகு நான் வேட்டையை விட்டுவிட்டேன். பயம் ஒரு காரணம், கம்பெனி வேலை ஒரு காரணம். சில வருஷங்கள் கழித்து அவளும் தோட்டப் பிரிவில் சேர்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் வேப்பமரத்தடியில் காலை நீட்டிப் படுக்க, இவள் மட்டும் பின் கேட் வழியாக அந்த நிலத்துக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கதையைக் கேட்டுத்தானே போகிறாள் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் நான் சொன்னதை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. நான் பார்க்காததையெல்லாம் பார்த்தாள். கௌதாரி ஜோடி ஒன்று எந்தப் புதரடியில் மண்குளியல் செய்கிறது, பகலில் முயல் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறது, கீரி எத்தனை மணிக்குக் கரையேறுகிறது, எல்லாம் அவளுக்குப் பாடம். கையை வாயில் குவித்துக் கௌதாரி மாதிரி கூவினால் புதருக்குள்ளிருந்து பதில் வரும். ஒரு நாள் என்னையும் கூட்டிப் போகச் சொல்லிப் போனேன். அவள் கூவினாள், பதில் வந்தது. நான் கூவினேன். எல்லாம் கப்சிப் ஆகிவிட்டது.

"உன் கொரலு அதுங்களுக்குப் புடிக்கல," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

அப்புறம்தான் நரி விவகாரம். அத்தனை வருஷம் வேட்டையாடியும் அந்த நிலத்தில் நான் நரியைப் பார்த்ததில்லை. கால்தடம் பார்த்திருக்கிறேன், ஊளை கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இவள் பட்டப் பகலில், பத்தடி தூரத்தில், ஒரு நரி உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாளாம். அது இவளைப் பார்த்ததாம். எழுந்து ஓடவில்லையாம்.

"நாயா இருக்கும்," என்றேன்.

"நாயிக்கும் நரிக்கும் எனக்குத் தெரியாதா இன்னா? வாலு இம்மாம் பொசுபொசுன்னு கீது. மூஞ்சி கூரா கீது."

"பீலா வுடாதமே."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் அந்த மாதமே கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவுக்கு ஒரு மேடம் புதிதாக வந்தார். சுற்றியுள்ள நிலத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அவர் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. யாரைக் கேட்டாலும் என் மனைவியைக் கைகாட்டினார்கள். அவள் சொன்ன இடத்தில் மேடம் ஒரு தானியங்கிக் கேமராவைக் கட்டினார். இரண்டாவது வாரம் வாயில் எலியோடு நரி படத்தில் நின்றது.

மேடம் அவளுக்கு ஒரு தொப்பியும் பழைய பைனாகுலர் ஒன்றும் கொடுத்தார். அவளுடைய போட்டோவைக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கேன்டீனில் என் பிரிவு ஆட்களுக்கு நல்ல தீனி கிடைத்தது.

"இன்னா மாமு, நீ மொசலு துண்ண ஆளு, வூட்டம்மா மொசலு வளக்கற ஆளு. எப்டி ஒத்து வருது?"

"மாமுவ இனிமே மொசலம்மா புருசன்னுதான் கூப்டணும்பா."

இந்தக் கிண்டலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒரு நாள் நர்சரி கொட்டகையில் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் தட்டிக்கு அந்தப் பக்கம் அவளும் மேடமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மொசலு வளை தோண்டாது மேடம். புல்ல அமுக்கிப் படுக்கை மாரி வச்சிக்கும். குட்டிக்கு ஓடவே தெரியாது. ஆபத்துன்னா அப்டியே கெடக்கும்," என்றாள் அவள். என்னுடைய வார்த்தைகள், என்னுடைய வரிசை.

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று மேடம் கேட்டார்.

சிலிண்டரைக் கையில் வைத்தபடி நான் அசையாமல் நின்றேன்.

"யாரும் இல்ல மேடம். சொம்மா பாத்துகினே இருந்தா தெரியும்."

அன்றிலிருந்து அவள் முகம் மலர்ந்து வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் அவள் மகளை மடியில் போட்டுக்கொண்டு, இன்று கௌதாரி முட்டை வைத்திருக்கிறது, ஆறு முட்டை, புதரடியில் சும்மா ஒரு குழி, அதுதான் கூடு என்று சொல்லும்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். என் மகள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கதைகள் அவை. அவளுடைய அம்மாவிடம் போய்விட்டன. அந்த நிலத்தைக் கண்டுபிடித்தவன் நான், அதில் காலில் முள் தைத்தவன் நான். அங்கே என்னை யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் இன்னொருவனோடு போனால் ஆண் எப்படிப் புழுங்குவானோ, அப்படிப் புழுங்கினேன். இன்னொருவன் என்று சுட்டிக்காட்ட ஒரு ஆள்கூட இல்லை. கோரையும் முயலும்தான் இருந்தன.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது நடந்தது. காலையில் டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றிருந்தது. அவள் பின்னாலிருந்து சொன்னாள்:

"இன்னிக்கி பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்க. மூணு மணிக்கு நான்தான் உள்ள கூட்டிகினு போயி காட்டணும். நீ அந்தப் பக்கம் வந்துடாத இன்னா. உன்னப் பாத்தா எனக்குப் பேச்சே வராது."

வெட்கத்தில்தான் சொன்னாள் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்று என் காதில் விழுந்தது வேறு. என்னைக் கண்டால் இவளுக்கு அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்தவளைத் தூக்கிப் போடும்படி வண்டியைக் கிளப்பினேன்.

அன்று எனக்கு வாட்ச் டவரில் வேலை. மேலே ஏறி உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மதிலுக்கு உள்ளே என்றாலும் வெளியே என்றாலும், புகை தெரிந்த நொடியில் இன்டர்காமை எடுத்துக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். வேறு வேலை கிடையாது.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும். லாரிகள் நிற்கும் மண் ரோட்டோரம் வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. யாரோ குப்பையைக் கொளுத்தியிருக்கிறார்கள். கை இன்டர்காமுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

அப்போது என் மனதில் ஓடியதை அழகுபடுத்தாமல் எழுதுகிறேன். கொஞ்சம் கருகட்டும் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு ஆபீசர்கள் வரட்டும், இவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் போகட்டும், காட்டுவதற்குச் சாம்பல் மட்டும் இருக்கட்டும். இப்படி நினைத்த உடனே அதற்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கடல்காற்று வந்துவிடும், தீயை ரோட்டுப் பக்கமே திருப்பிவிடும், ஓரத்தில் ஒரு துண்டு எரிந்து அணைந்துவிடும். அந்த நிலத்தில் காற்று எப்போது திரும்பும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கர்வமும் சேர்ந்துகொண்டது.

கடல்காற்று அன்று தாமதமாக வந்தது.

எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஏழெட்டு நிமிஷத்துக்குக் குறையாது. புகை வெள்ளையிலிருந்து பழுப்பானது. எங்கிருந்தோ பருந்துகள் வந்து சேர்ந்தன. கரிச்சான்கள் தீயின் விளிம்பில் பறந்து பறந்து வெட்டுக்கிளிகளைப் பிடித்தன. அவற்றுக்கு அது விருந்து. ஆட்காட்டிகள் வானத்தில் கத்திக்கொண்டு சுற்றின. கௌதாரிகள் இரண்டு புதரைவிட்டு விருட்டென்று எழும்பி, தாழப் பறந்து, மறுபடி கோரைக்குள் விழுந்தன. பிறகு தூரத்தில், கழிமுகக் கரைமேல், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வருவதைப் பார்த்தேன். பின்னாலேயே நாய்கள்.

அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்டர்காமை எடுத்தேன். மதிலுக்குக் கிழக்கே தீ என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன்.

மாற்று ஆள் மேலே வந்ததும் நான் இறங்கி ஓடினேன். எங்கள் தீயணைப்பு வண்டி ரோட்டோரத்திலிருந்து தண்ணீர் அடிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் தீயின் முகப்பு ரோட்டை விட்டு உள்ளே வெகுதூரம் போய்விட்டது. வண்டி அந்த மண்ணில் இறங்க முடியாது. ஆட்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தெற்கே சுற்றிக் கரைக்கு ஓடினேன்.

அவள் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். தோட்டப் பிரிவின் பச்சைக் கோட்டு, கையில் அரிவாள். மூன்று ஆண்கள் கரையோரம் வலையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவுருங்கடா அத்த! நெருப்புக்குப் பயந்து ஓடியாரத புடிக்கிறீங்களே, நீங்கல்லாம் மன்சனுங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். புகையில் குரல் கம்மிப் போயிருந்தது.

மூவரில் ஒருவன் திரும்பினான். என் பழைய தோஸ்து. அவனை நான் பார்த்தே பல வருஷம் இருக்கும்.

"வா மாமு! கரீட்டான டைமுக்கு வந்த. அந்தக் கோடிய புடி, ஓடியாந்துகினு கீது!"

வலையின் நுனியை என்னை நோக்கி வீசினான். என் கை அதைப் பிடித்தது. யோசித்துப் பிடிக்கவில்லை. பழக்கம். கால்கூட அகலமாக ஊன்றிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொசலு கரைக்குத்தான் வரும்னு கத்துக் குடுத்ததே உன் வூட்டுக்காரருதான்மா," என்று தோஸ்து அவளிடம் சிரித்தபடி சொன்னான். "நீ இன்னாத்துக்குக் கூவற?"

நான் வலையைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். அவன் ஏதோ கெட்ட வார்த்தையில் திட்டினான். அதற்குள் வந்துவிட்டன. முதல் முயல் என் காலுக்கு ஒரு முழம் தள்ளித் தாண்டிச் சேற்றில் பாய்ந்தது. இன்னும் இரண்டு அதன் பின்னாலேயே. நாலாவதை ஒரு நாய் கவ்வியது. அதன் அலறல் குழந்தை அழுவது மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அதைக் கேட்டு நாங்கள் விசிலடிப்போம். அன்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாக நரி வந்தது. வாலில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. முயல்கள் ஓடிய அதே தடத்தில் ஓடியது, ஒரு முயலையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டும்போது அதன் கண்ணைப் பார்த்தேன். எத்தனை மாதமாக அதைப் பார்க்க ஆசைப்பட்டு வயிறெரிந்தேன்! இப்படிப் பார்க்க நேர்ந்தது.

எங்கள் ஆட்கள் வருவதைப் பார்த்ததும் அந்த மூவரும் பிடித்ததை எடுத்துக்கொண்டு ஜகா வாங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காற்று திரும்பியது. தீ எரிந்த இடத்தின்மேலேயே மடங்கி, தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கியது. அதற்குள் பாதி நிலம் போய்விட்டது. அவளுடைய பாதி.

மூன்று மணிக்கு ஆபீசர்கள் வந்தார்கள். மேடம் அவர்களை ரோட்டிலேயே நிறுத்தி ஏதோ விளக்கினார். என் மனைவி வரவில்லை. அவள் சூடு ஆறாத சாம்பலில் செருப்போடு நடந்து தேடிக்கொண்டிருந்தாள். நான் இருபதடி பின்னால் போனேன். கௌதாரி முட்டைகள் கருகி வெடித்துக் கிடந்தன. தாய்ப்பறவை தப்பியிருந்தது. எரியாத ஒரு மூலையில் நின்று விடாமல் கூவியது. அவள் பதில் கூவவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு படுக்கையில் இரண்டு முயல்குட்டிகள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. ஓட முயன்ற அடையாளமே இல்லை. உடம்பைச் சுருக்கி, காதை மடித்து வைத்து, தீ தாண்டிப் போகும் என்று நம்பியது மாதிரி கிடந்தன.

அவள் கோட்டைக் கழற்றி அவற்றைச் சுருட்டினாள். திரும்பாமலே கேட்டாள்:

"மேல நீதான இருந்த?"

"ம்."

"எப்போ பாத்த?"

"பாத்ததும் போன் பண்ணேன்."

அரிவாளால் குழி தோண்டினாள். நான் உதவிக்குக் குனிந்தேன். "வோணாம்," என்றாள். வலையைப் பிடித்த கை என்பதால் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரியது எனக்குள் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு கோடை மழை பெய்தது. கருப்புத் தரையில் கோரையும் அருகும் மெல்லிய பச்சையாக முளைத்தன. ஒன்றும் தெரியாதவன் பார்த்தால் நிலம் பிழைத்துவிட்டது என்பான். இளம்புல்லுக்கு ஆசைப்பட்டு முயல்கள்கூட சாயங்காலம் வந்தன. ஆனால் படுத்து ஒளிய ஒரு புதர் இல்லை. வெட்டவெளியில் மேய்ந்ததால் நாய்கள் தூரத்திலிருந்தே பார்த்துத் துரத்தின. தீயில் தப்பிய முயல்களில் சில அந்தப் பச்சையில் செத்தன. கௌதாரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சூரையும் காரையும் வேரோடு வெந்துபோயிருந்தன. சீமைக்கருவேலம் மட்டும் அடிக்கட்டையிலிருந்து கொழுகொழுவென்று துளிர்த்தது. இன்னும் இரண்டு தடவை எரிந்தால் அங்கே வேறெதுவும் மிஞ்சாது என்று மேடம் சொன்னாராம். இதை எனக்கு என் மனைவி சொல்லவில்லை. கேன்டீனில் கேட்டேன்.

வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குற்ற உணர்ச்சி வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அவளும் மேடமும் சாம்பலில் குனிந்து தடங்களை அளக்கும்போது, என்னைக் கூப்பிடவில்லையே என்றுதான் இருந்தது. தீயை ஓடவிட்டவன் நான், அந்தத் துக்கத்திலாவது எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று மனது அடம்பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தபோது, சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நான் ஒடனே போன் பண்ணல."

அவள் கை நின்றது. "தூங்கிட்டியா?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி காட்டினாள்.

"இல்ல. பாத்துகினே இருந்தேன். எரியட்டும்னு வுட்டுட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"வயித்தெரிச்சல்."

"யாரு மேல?"

"உன் மேலதான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் நர்சரிக் கொட்டகையில் கேட்டதைச் சொன்னேன். "நான் சொல்லிக் குடுத்ததத்தான அவங்களாண்ட சொன்ன? யாரும் இல்லன்னியே?"

"யோவ்," என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது அவளுக்கு. "என் புருசன் சொன்னாருன்னா, அவருக்கு எப்டித் தெரியும்னு கேப்பாங்க. மொசலு புடிச்ச ஆளுன்னு தெரிஞ்சா உன்ன வேலைல வச்சிருப்பாங்களா? அதுக்குத்தான்யா சொல்லல. உன்னக் காப்பாத்தணும்னு வாயப் பொத்திகினு இருந்தேன். நீ அத்த எரிச்சுட்ட."

அவள் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், ஒரே வண்டியில் வந்தாள், மகள் முன்னால் சிரித்தாள். ஆனால் அங்கே பார்த்ததை மட்டும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் பேச்சு பாட்டி வீட்டுக்கோ பரீட்சைக்கோ மாறிவிடும். முன்பு அவள் சொல்லும்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன் அல்லவா? இப்போது டிவியை அணைத்துவிட்டு வாசல்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

கம்பெனியில் என்ன ஆகும் என்று பயந்தபடியே மேலதிகாரியிடம் போய், தாமதமாகத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வாங்கிக்கொண்டு என்னை டவரிலிருந்து இறக்கி, குழாய் பராமரிப்பில் போட்டார்கள். வேலை தப்பியது.

மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்ததும், ஒரு விடுமுறை நாளில் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ரோட்டோரத்திலிருந்து பத்தடி அகலத்துக்குக் கோரையைச் செதுக்கி, சீமைக்கருவேலத்தை வெட்டி, வெறும் மண்ணாக ஒரு கோடு இழுத்தால் குப்பைத் தீ உள்ளே தாண்டாது. தீயணைப்பில் இருப்பவனுக்கு இது அரிச்சுவடி. இத்தனை வருஷம் செய்யத் தோன்றவில்லை. முதல் நாள் இருபதடி நகர்ந்தது. கையெல்லாம் முள். அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம், வடக்குக் கோடியில் யாரோ செதுக்கும் சத்தம் கேட்டது. அவள்தான். என்னைப் பார்த்தாள், மறுபடி குனிந்து செதுக்கினாள். இரண்டு கோடியிலிருந்தும் வெட்டிக்கொண்டே வந்தோம். நடுவில் சந்திக்க மாசி ஆகிவிட்டது.

அடுத்த கோடையில் ரோட்டோரம் இரண்டு தடவை தீப்பிடித்தது. ஒரு தடவை கோட்டில் நின்றது. இன்னொரு தடவை பொறி பறந்து தாண்டி, ஆட்கள் ஓடி அடிப்பதற்குள் ஒரு மூலையைத் தின்றது. விதையிலிருந்து புதிதாக முளைத்த காரைப் புதர்கள் முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. முயல்கள் இருக்கின்றன. கௌதாரி இன்னும் எரிந்த பாதிக்கு வரவில்லை.

போன மாதம் மேடம் நாங்கள் செதுக்கிய கோட்டைப் பார்க்க வந்தார். போட்டோ எடுத்தார். "அருமையான வேலை! நீங்க இல்லன்னா இந்த எடம் என்னாயிருக்கும்!" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மண்வெட்டியோடு ஐந்தடியில் நின்றேன். என் மனைவி என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். இவரும் செய்தார் என்று சொல்வாளோ என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே மேடத்தை உள்ளே கூட்டிப் போனாள்.

அது எனக்கு நியாயம்தான் என்று அமைதியாக ஏற்றுக்கொண்டதாக எழுத ஆசை. உண்மையில் வயிறு எரிந்தது. பழைய எரிச்சலேதான், கொஞ்சமும் குறையவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், இப்போது அது வந்தால் அடையாளம் தெரிகிறது. பக்கத்தில் ஒரு கருவேல அடிக்கட்டை மறுபடி துளிர்விட்டிருந்தது. குனிந்து அதன் வேரைத் தோண்ட ஆரம்பித்தேன். வேர் ஆழமாகப் போயிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் திரும்பி வரும்வரை தோண்டிக்கொண்டிருந்தேன்.